பாட்டுக்கு அடியில் ஒரு குரல்

ஐறீன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மற்றவர்களுடைய குரல்களை உரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கழித்தவள். கொழும்புக் கோட்டைப் பகுதியில் இருந்த கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில், அந்த அலுவலகத்தின் தொலைபேசிப் பலகைக்கு முன்னால் இளம் வயதில் வந்து அமர்ந்தாள். ஓய்வு பெறும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தாள். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளங்காண்பதில் அவள் கெட்டிக்காரி அல்லள். மீசையை மழித்துக்கொண்டு வந்த மேலாளரை வாசலில் மறித்து, "யாரைப் பார்க்க வந்தனீங்கள்?" என்று கேட்டவள் அவள். ஆனால், ஒருமுறை காதில் விழுந்த குரலை அவள் மறந்ததில்லை. தடிமன் பிடித்திருந்தாலும், குடித்திருந்தாலும், அழுதுகொண்டிருந்தாலும், குரலுக்குரியவரின் பெயரைச் சட்டென்று சொல்லிவிடுவாள். கந்தோரில் அதை வைத்துப் பந்தயம்கூடக் கட்டுவார்கள்.

பீற்றரும் அவளுக்கு முதலில் ஒரு குரலாகத்தான் வந்தார். துறைமுகத்தில் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுப்பது அவருடைய தொழில். கப்பல் வருகிறதா என்று கேட்க நாள்தோறும் அழைப்பார். அந்தக் குரலுக்கு எப்படிப்பட்ட முகம் இருக்கும் என்று அவள் தனக்குள் வரைந்து வைத்திருந்தது வேறு. ஒருநாள் கந்தோர்ப் படியேறி வந்த முகம் வேறு. "இவ்வளவு பெரிய குரலை இந்தச் சின்ன மனிசன் எங்க வைச்சிருக்கிறார்?" என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாளாம். மறு ஆண்டு அந்தச் சின்ன மனிதரைக் கொட்டாஞ்சேனைப் பேராலயத்தில் கைப்பிடித்தாள்.

அந்தப் பெரிய குரல் போய் இப்போது பதினொரு ஆண்டுகள் ஆகின்றன.

பாரிசவாதம் வந்தபோது பீற்றர் சவரம் செய்துகொண்டிருந்தார். வலக்கையும் பேச்சும் ஒரே காலையில் போயின. சொன்னால் எல்லாம் விளங்கும்; சிரிப்பார், கோபிப்பார், செய்தித்தாளில் படம் பார்ப்பார். ஆனால், எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "தே" என்ற ஒரே ஓசைதான் வரும். தண்ணீர் வேண்டுமென்றாலும் தே. மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் தே. வைத்தியர்கள் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஐறீன் பெயரை விட்டுவிட்டு ஓசையைப் படித்தாள். நீளமாக வந்தால் பசி. வெட்டி வெட்டி வந்தால் கோபம். மூச்சோடு வந்தால், பக்கத்தில் வந்து இரு என்று பொருள். ஒருநாளாவது அவள் அவரை இரண்டாம் முறை கூப்பிட வைத்ததில்லை.

இந்தக் கதை தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெல்பேணில் இருக்கும் மகள் ரொஷேல், பூசை முடிந்து ஐறீனும் பீற்றரும் வீடு திரும்பும் நேரம் பார்த்து வழக்கம்போல அழைத்திருந்தாள்.

"மம்மி, சின்னனில டடி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பேக்க ஒரு மாதிரி இழுத்துக் கூப்பிடுவார், என்ன? அது எப்பிடி? எனக்கு அந்த ராகம் வருதில்லை."

"அது ஒண்டுமில்லை. 'ரொஷே...ல்' எண்டு..." என்று தொடங்கிய ஐறீன் நடுவில் நின்றுபோனாள். தான் சொன்னது தன் குரலிலேயே கேட்டது. மனத்துக்குள் இருந்து அவருடைய குரல் எழுந்து, தான் அதைப் பின்பற்றிச் சொல்வதாக இருக்கவில்லை. உள்ளே ஒன்றும் எழவில்லை.

"மம்மி? கேக்குதா?"

"கேக்குது. பிறகு எடுக்கிறன்."

அன்று முழுவதும் அவள் சோதித்துப் பார்த்தாள். செத்துப்போன மேலாளரை மனத்துக்குள் கூப்பிட்டாள். அவர் மூக்கால் பேசிக்கொண்டு வந்தார். மாமியாரைக் கூப்பிட்டாள், கறியில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார். ஒரேயொரு முறை அழைத்த ஒல்லாந்து நாட்டுக் கப்பல் தலைவன்கூட வந்தான். கணவர்மட்டும் வரவில்லை. அவர் சொன்ன சொற்கள் நினைவில் இருந்தன. ஏச்சும் பகிடியும் செல்லமும் அச்சடித்தாற்போல் இருந்தன. அவற்றைச் சொன்ன குரல் எங்கும் இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில், சாய்மனைக் கதிரையில், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்து தோடம்பழச் சுளை தின்றுகொண்டிருந்தார்.

அவருக்குப் பேச்சுப் போன காலத்தில் அந்த வீட்டில் இருந்த கையடக்கத் தொலைபேசி பொத்தான்கள் உள்ள சின்னச் சாமான். அதில் யாரும் எதையும் பதிவுசெய்து வைத்ததில்லை. மிஞ்சியிருந்தவை அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த வீடியோக் கசற்றுகள். அவற்றைப் போட்டுப் பார்க்க வீட்டில் டெக் இல்லை.

"மம்மி, அதைக் கடையில குடுங்கோ. கொம்பியூட்டருக்கு மாத்தித் தருவாங்கள்," என்றாள் ரொஷேல்.

"கடையில குடுத்தா, கடைக்காரன்தானே முதல்ல கேப்பான்?"

"கேட்டா என்ன மம்மி?"

"நான் முதல்ல கேக்கவேணும்," என்றாள் ஐறீன். மகள் ஒத்துக்கொண்டாள். கசற்றில் ஓடுவதைக் கணினிக்குள் எடுத்துக்கொள்ளும் ஒரு சிறிய கருவியை வாங்கி, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். டெக்கைத் தேடித் தந்தவள் எதிர்வீட்டு ஜவாஹிறா. மாளிகாவத்தையில் இருக்கும் ராத்தா என்று அவள் அழைக்கும் தன் அக்காவின் வீட்டிலிருந்து அதை ஒரு சாரத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதைப்போல் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

"ஐறீன் அக்கா, இந்தாங்க ஒங்கட டெக்கு. உள்ளுக்கு ஒரு கரப்பொத்தான் குடும்பமே குடியிருந்திச்சு. எழுப்பிவிட்டுட்டுத்தான் கொண்டாறேன். பெல்ட்டும் புதுசு போட்டாச்சு."

"நீ இல்லாட்டி நான் என்ன செய்வன், ஜவாஹிறா?"

"வேறென்ன, கரப்பொத்தானோட படம் பாப்பீங்க," என்று சொல்லிவிட்டு, பீற்றரைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன நாநா, மாப்பிள்ளக் கோலத்தப் பாக்க ரெடியா?"

"தே," என்றார் பீற்றர், மகிழ்ச்சியாக.

கடற்காற்று கசற்றுகளுக்குள்ளும் புகுந்திருந்தது. மூடியைத் திறந்தால், நாடாவின் விளிம்பில் அரிசிமா தூவியதுபோலப் பூஞ்சணம் வெள்ளையாகப் படிந்திருந்தது. சத்திரவைத்தியத்துக்குப் பயன்படுத்தும் ஸ்பிரிற்றில் பஞ்சைத் தோய்த்து, நாடா சுற்றியிருந்த சில்லை விரலால் சுழற்றிச் சுழற்றி, ஐறீன் அதைக் கொஞ்சங்கொஞ்சமாகத் துடைத்தாள். அவசரப்பட்டால் நாடா சுருங்கும். சுருங்கினால் படம் கிழியும். அவள் அவசரப்படவில்லை. கலியாணக் கசற்றை முதலில் எடுத்தாள். அதில் பீற்றரின் பேச்சு இருந்தது. விருந்து வெள்ளவத்தையில், கடற்கரைப் புகையிரதப் பாதையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை எழுந்து நெடுநேரம் பேசினார். எல்லாரும் வயிறு நோகச் சிரித்தார்கள். அதுமட்டும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

மஞ்சள் வயர் படத்துக்கு; வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. எல்லாவற்றையும் பொருத்தி, டெக்கின் பொத்தானை அழுத்திவிட்டு, பீற்றரின் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

படம் வந்தது. பேராலயத்தின் படிகள், ரோசாப் பூக்கள், தொப்பி போட்ட பெண்கள். பின்னால் ஒரு சினிமாப் பாட்டு. காட்சி மண்டபத்துக்கு மாறியது. பாட்டும் மாறியது. கேக் வெட்டினார்கள். பீற்றர் எழுந்தார். ஒலிவாங்கியை வாங்கினார். வாய் திறந்தது.

ஒரு காதல் பாட்டின் சரணம் ஒலித்தது.

ஐறீன் எழுந்து வயர்களை மாற்றிப் பொருத்தினாள். சிவப்பைக் கழற்றி வெள்ளைமட்டும் விட்டாள். வெள்ளையைக் கழற்றிச் சிவப்புமட்டும் விட்டாள். பாட்டு ஒரு பக்கத்தில் குறைந்து மறுபக்கத்தில் வந்ததே தவிர, அதற்கு அடியில் யாரும் பேசவில்லை. திரையில் பீற்றர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். விருந்தினர்கள் சிரித்தார்கள். புல்லாங்குழல் வாசித்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அந்த நாளில் கலியாண வீடியோ என்றால் அப்படித்தான். எடுத்ததை அப்படியே கொடுப்பவன் வேலை தெரியாதவன். பேச்சையும் இரைச்சலையும் வழித்தெடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டுத் தருவதுதான் நாகரிகம். அதற்குத் தனியாகப் பணமும் கொடுக்க வேண்டும். வீடியோக்காரர் ஜொனாதன் எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்று கேட்க வீட்டுக்கு வந்திருந்தார். "மண்டபத்துக்குப் பின்னால றெயின் போற சத்தமெல்லாம் விழுந்திருக்கு. அந்த இரைச்சலை எடுத்துப்போட்டு நல்ல பாட்டாப் போடுங்கோ," என்று சொன்னவள் அவள்தான். "நான் பேசினதையாவது விடுங்கோவன், ஐசே," என்று பீற்றர் ஜொனாதனிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவள் மெதுவாகத் திரும்பிப் பீற்றரைப் பார்த்தாள். அவர் இடக்கையால் கதிரையின் பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மற்றக் கசற்றுகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டாள். ரொஷேலின் ஞானஸ்நானத்தில் தாலாட்டு. முதல்நன்மைப் பூசையில் கீதம். மாமியாரின் செத்தவீட்டுக் கசற்றில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பீற்றர் தாய்க்கு எதையோ சொல்லி அழுகிறார், அதன்மேல் வயலின். வாழ்க்கை முழுவதும் அந்த மனிதர் வாயசைத்துக்கொண்டே இருந்தார்.

ஜவாஹிறா வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "எங்கட ராத்தாட கலியாணக் கசற்றும் இப்பிடித்தான். வாப்பா, உம்மா ஒருத்தர்ட சத்தமும் இல்ல. நம்ம ஆக்கள், சல்லி குடுத்து வாய மூட வெச்சது."

"இரைச்சல் எண்டு நினைச்சம், ஜவாஹிறா."

"அந்த இரைச்சலத்தான் இப்ப தேடுறோம்," என்றாள் ஜவாஹிறா. பகிடியாகச் சொல்லத் தொடங்கியது அவளுக்குப் பாதியில் பகிடியாக வரவில்லை.

கடைசியாக ஒரு கசற்று மிஞ்சியிருந்தது. அதன்மேல் பீற்றரின் கையெழுத்தில் 'மெச்' என்றுமட்டும் எழுதியிருந்தது. தொலைக்காட்சியில் வந்த கிரிக்கெட் ஆட்டம் ஒன்றை அவர் பதிந்து வைத்தது. அதை விட்டுவிடலாம் என்று வைத்தவள், திருப்பிப் பார்த்தபோது முதுகுப்பக்கத்தைக் கண்டாள். சிறிய பிளாஸ்ரிக் துண்டு ஒடிக்கப்பட்டிருந்தது. ஒடித்த குழியின்மேல் செலோரேப் என்னும் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது.

கசற்றில் உள்ளது அழியக்கூடாதென்றால் அந்தத் துண்டை ஒடித்துவிடுவார்கள். ஒடித்ததில் மறுபடியும் பதியவேண்டுமென்றால் குழியை ஒட்டுநாடாவால் மூடுவார்கள். ஆகவே, ஆட்டத்துக்கு முன்னால் இதில் வேறொன்று இருந்தது. அழியக்கூடாது என்று யாரோ நினைத்த ஒன்று. பாட்டுப் போட்ட கசற்றோடு ஜொனாதன் இன்னொன்றும் தந்தது அவளுக்கு நினைவு வந்தது. "இது எடுத்தபடியே இருக்கிறது, மிஸ். பாட்டு இல்லை. வேணுமெண்டா வைச்சிருங்கோ." அன்று எடுத்த கசற்றுகள் இரண்டு; ஒன்றைத் தந்துவிட்டு இரண்டாவதை அவரே வைத்துக்கொண்டார். அது பிறகு வேறு யாருடைய கலியாணத்துக்கோ பயன்பட்டிருக்கும். பாட்டில்லாத கசற்றை வைத்து என்ன செய்வது? ஆட்டம் பதியக் கசற்றுத் தேடிய அன்று, பீற்றர் அதைத்தான் எடுத்திருக்கிறார். தம்முடைய குரலின்மேல் தாமே ஆட்டத்தைப் பதிந்திருக்கிறார்.

அவள் அதைப் போட்டாள். பந்துகள் வீசப்பட்டன. பீற்றருக்கு ஒரே உற்சாகம். ஒவ்வொரு நான்கு ஓட்டத்துக்கும் இடக்கையை உயர்த்தினார். ஐறீன் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் பார்த்தாள். ஓடவிட்டால்தான் கணினிக்குள் போகும். வேகமாக ஓட்டிப் பார்த்தால் பழைய நாடா அறுந்துவிடும். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டியிருந்தது. ஆட்டம் முந்தி முடியுமா, கசற்று முந்தி முடியுமா?

ஆட்டம் முந்தி முடிந்தது. திரை நரைத்தது, பொரிந்தது, ஒரு கோடு கீழிருந்து மேலே ஏறியது. மண்டபம் தெரிந்தது. கதிரைகள் இழுபட்டன. ஒரு குழந்தை அழுதது. யாரோ, "சோடா இஞ்சால, சோடா இஞ்சால," என்று கத்தினார்கள். பிறகு:

"...எல்லாருக்கும் தெரியும், எனக்குத் துறைமுகத்தில வேலை. கப்பல் வருதோ இல்லையோ, நான் இவவின்ர கந்தோருக்கு ரெலிபோன் எடுப்பன். 'குட் மோர்னிங்' எண்டுவா. நானும் 'குட் மோர்னிங்' எண்டிட்டு வைச்சிடுவன். அதுக்குமேல என்ன கேக்கிறதெண்டு எனக்குத் தெரியாது."

சிரிப்பு. ஐறீனின் கை தானாக வாயை மூடிக்கொண்டது. இந்தக் குரலா? இந்தக் குரல்தான். தொண்டையின் அடியிலிருந்து ஒரு சின்னக் கரகரப்போடு ஏறி, சொல்லின் முடிவில் மெத்தென்று இறங்கும் குரல். இதை எப்படி மறந்தாள்?

"கன காலம் இப்பிடி. ஒருநாள் இவதான் கேட்டா: 'மிஸ்டர், உங்கட ரெலிபோன் பழுதா, நீங்கள் பழுதா?' எண்டு."

மண்டபமே இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் இன்னோர் இரைச்சல் தூரத்தில் தொடங்கிக் கிட்ட வந்தது.

"பொறுங்கோ, றெயின் போகட்டும். இவ்வளவு காலம் பொறுத்தனான், இதுக்கென்ன..."

புகையிரதம் போனது. ஐறீன் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் புகையிரதம் எவ்வளவு அழகாகப் போனது!

"இனி நான் சொல்லவந்தது என்னெண்டா, ஐறீன்..."

டெக் சட்டென்று நின்று, நாடாவைப் பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது. கசற்று முடிந்துவிட்டது. மிச்சம், ஜொனாதன் தராமல் வைத்துக்கொண்ட இரண்டாவதில் போயிருந்தது.

அதன் பிறகு என்ன நடந்தது என்று பாட்டுப் போட்ட கசற்றில் அவள் பார்த்திருந்தாள். மாப்பிள்ளையின் உதடுகள் இரண்டு மூன்று முறை அசைகின்றன. மணப்பெண் தலையைக் குனிந்து, முக்காட்டின் ஓரத்தால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். அவளை அப்படிக் குனியவைத்த சொல் எதுவென்று அவளுக்கு நினைவில்லை. அந்த இடத்தில் புல்லாங்குழல்.

"இஞ்சருங்கோ," என்று கண்களைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். "என்ன சொன்னீங்கள் எனக்கு? அண்டைக்கு என்ன சொன்ன..."

பீற்றர் இடக்கையால் இடக்காதைப் பொத்திக்கொண்டிருந்தார். வலக்கை மடியில் கிடந்தது. பொத்த முடியாத வலக்காதைத் தோளோடு அழுத்தி, கழுத்தைக் கோணலாக வளைத்து, கண்களை இறுக மூடியிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயின் ஓரத்தால் எச்சில் வழிந்து சட்டையை நனைத்திருந்தது.

"தே," என்றார். "தே. தே." அந்த ஓசை எதைக் குறிக்கிறது என்று அவள் படித்து வைத்திருந்த எதிலும் அது சேரவில்லை.

அவள் எழுந்து எல்லா வயர்களையும் பிடுங்கினாள். அவருடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். "இல்லை. இனிப் போடமாட்டன். இல்லை," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

ஞாயிற்றுக்கிழமை ரொஷேல் அழைத்தாள். அந்தப் பதிவை ஐறீன் அவளுக்கு அனுப்பியிருந்தாள். இருவரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

"மம்மி, டடியின்ர பிறந்தநாளுக்கு நாங்கள் எல்லாரும் வாறம்தானே. பெருசாப் போட்டு எல்லாரும் சேர்ந்து கேப்பம்."

"வேண்டாம், மகள்."

"ஏன்? டடிக்குச் சந்தோசமா இருக்குமே."

"எங்களுக்குச் சந்தோசம். இவருக்கு அது... அது இவரிட்ட இருந்து எடுத்த சாமான். எடுத்ததை இவருக்கு முன்னால காட்டி விளையாடுறதா?"



அதன் பிறகு ஐறீன் தனியாகத்தான் கேட்டாள். பதிவைத் தொலைபேசியில் ஏற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலையில் மாட்டும் ஹெட்போனோடு குசினிக்குள் நிற்பாள். தலையில் அந்தப் பட்டியும் காதுகளில் அந்த மெத்தையும் அவளுக்குப் பழக்கமானவை. கந்தோரில் அப்படியே இருந்தவள்தானே. பீற்றருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள். மரக்கறி வெட்டும்போதும் கோப்பை கழுவும்போதும் கேட்டாள். 'நீங்கள் பழுதா?' வரும்போது சிரித்தாள். 'இனி நான் சொல்லவந்தது என்னெண்டா' வரும்போது கத்தியைக் கீழே வைத்தாள். முடிந்ததும் தொடக்கத்திலிருந்து வரச் செய்தாள்.

ஒரு பகற்பொழுதில், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளின் தோளை யாரோ பிடித்து உலுக்கினார்கள். ஜவாஹிறா. மூச்சு வாங்க நின்றாள். ஐறீன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"என்ன அக்கா நீங்க! நாநா கூப்பிடுற சத்தம் எங்கட ஊட்டுக்குக் கேக்குது. ஒங்களுக்குக் கேக்கல்லியா?"

பீற்றர் கட்டிலின் ஓரத்தில் பாதி சரிந்து, இடக்கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் போத்தலை எட்டப் பார்த்திருக்கிறார். அது விழுந்து உருண்டு கதவடியில் கிடந்தது, தரையெல்லாம் தண்ணீர். கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த ஒற்றை ஓசையும் அடைத்துப்போய், காற்றாகத்தான் வந்தது. ஜவாஹிறா தோளைப் பிடித்துக் கொடுக்க, இருவருமாக அவரைத் தூக்கி இருத்தினார்கள். அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் பருக்கிவிட்டு ஜவாஹிறா சத்தமில்லாமல் போய்விட்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள் ஐறீன். "எனக்குக் கேக்கேல்லை. நான்..." என்ன சொல்வது? உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அதனால் உங்களைக் கேட்கவில்லை என்றா சொல்வது?

பீற்றர் அவளுடைய கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தார். அதற்குள் மண்டபம் எறும்பு அளவில் இரைந்துகொண்டிருந்தது. அவருக்கு அது கேட்டிருக்க வேண்டும். இமைகள் ஒருமுறை நடுங்கின. கோபிப்பார், கழற்றி எறிவார் என்று அவள் எதிர்பார்த்தாள். எறிந்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

அவர் இடக்கையை நீட்டினார். அந்தப் பட்டியைப் பிடித்து, தடுமாறித் தடுமாறி மேலே தூக்கி, அவளுடைய தலையில் வைக்கப் பார்த்தார். ஒரு கையால் முடிந்த அளவுக்குத்தான் முடிந்தது. ஒரு மெத்தை அவளுடைய காதில் வந்து பொருந்தியது. மற்றது பின்தலையில் கோணலாக நின்றது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் அதைச் சரிசெய்யவில்லை. அந்த ஒரு காதில் இளம் மாப்பிள்ளை, பொறுங்கோ, றெயின் போகட்டும் என்றார். மற்றக் காதில் இந்த அறையில் அவர் விடும் மூச்சுக் கேட்டது. துணியை எடுத்து, முழங்காலில் நின்று, அவள் தரையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"தே," என்றார் சுவரைப் பார்த்தபடி, மூச்சோடு.

"இந்தா வாறன்," என்றாள் ஐறீன்.